மணற்காட்டு மணலுக்கு எந்த ஓட்டோமற்றிக் ஏ.ரி.வி?

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் ஏ.ரி.வி, அதாவது மணல் சேறு எதிலும் ஓடும் நாலு சக்கர வண்டி, ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சிசி எடுக்கலாம்?" என்றுதான். "லோ கியர் இருக்கிற வண்டியா என்று முதலில் பாருங்கோ" என்பேன். சில வருடங்களாக மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில் பக்கமும், மாரி கழிந்த பிறகு வழுக்கையாற்று வெளிப் பக்கமும் பொழுதுபோக்காக ஓட்டி வருகிறேன். இந்த மண்ணில் ஒரு ஓட்டோமற்றிக் வண்டி நன்றாக உழைக்குமா, பாதி வழியில் படுத்துவிடுமா என்பதைப் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் அந்த ஒரு கியர்தான் தீர்மானிக்கிறது.

என்னுடையது யமஹா கொடியாக் 450. பெயரில் 450 இருந்தாலும் எஞ்சின் 421 சிசிதான். ஒற்றைச் சிலிண்டர், ரேடியேற்றர், கார்புரேற்றர். கைமாறி வந்த பழைய வண்டி. வாங்குவதற்கு முன் கனடாவில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன். அவர் ஒன்ராறியோவில் பனியிலும் சேற்றிலும் ஓடுகிறவர். "700க்குக் குறைய எடுக்காத மச்சான், பவர் ஸ்ரியரிங் இல்லாட்டிக் கை முறியும்" என்றார். அவருடைய காட்டுப் பாதைகளுக்கு அது சரியான அறிவுரை. யமஹாவே 2007இல் கிறிஸ்லி 700இல்தான் மின் பவர் ஸ்ரியரிங்கைக் கொண்டுவந்தது, அதற்குப் பிறகு நாள் முழுக்க ஓடுகிறவர்கள் அதை விடவே மாட்டார்கள். ஆனால் எங்கள் தரை வேறு. மணலில் முன்சக்கரம் மென்மையாகத்தான் திரும்பும், ஹாண்டில் கையை உதைப்பதில்லை. சுண்ணக்கல் துருத்திக்கொண்டு நிற்கும் வலிகாமத்து ஒழுங்கைகளில் மட்டும், பவர் ஸ்ரியரிங் இருந்திருக்கலாம் என்று மணிக்கட்டு சொல்லும். அந்த ஒரு விடயத்தில் மச்சான் சொன்னது உண்மை.

ஓட்டோமற்றிக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு வகை இருக்கிறது. பெரும்பாலானவை பெல்ற் வகை. 1985இல் பொலாரிஸ் நிறுவனம் தன் முதல் ஏ.ரி.வியை விட்டபோதே அதில் பெல்ற் ஓட்டோமற்றிக்தான் இருந்தது. எஞ்சின் பக்கம் ஒரு கப்பி, சக்கரத்தின் பக்கம் இன்னொரு கப்பி, நடுவே தடித்த ரப்பர் பெல்ற். எஞ்சின் வேகம் கூடக் கூட முன் கப்பிக்குள் இருக்கும் உருளைகள் வெளியே தள்ளப்பட்டு, கப்பியின் இரண்டு தட்டுகளும் நெருங்கும். பெல்ற் மேலே ஏறும், கியர் மாறுவது போன்ற பலன் கிடைக்கும். நாங்கள் ஓடும் ஸ்கூட்டிகளிலும் இதே ஏற்பாடுதான். மற்றது ஹொண்டாவின் சில மொடல்களில் வரும் இரட்டைக் கிளச் வகை. அதில் பெல்ற் கிடையாது, உண்மையான பற்சில்லுகள், எண்ணெயில் ஓடும் கிளச், மாற்றிவிடுவது கணினி. நனைந்தாலும் வழுக்காது, பெல்ற் தேய்கிற கதையும் இல்லை. ஆனால் கோளாறு வந்தால் கணினி போட்டுப் பார்க்கக்கூடிய ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நான் பெல்ற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான். ஸ்கூட்டி திருத்துகிற எந்தத் தம்பியும் என் வண்டியின் மூடியைக் கழற்றியவுடன் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்கிறான்.

சரி, லோ கியருக்கு வருவோம். என் வண்டியில் ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ், பார்க் என்று ஒரு நெம்புகோல் இருக்கிறது. ஹை, லோ இரண்டும் பெல்ற்றுக்குப் பின்னால் வரும் பற்சில்லுகள். மணல் மேட்டில் ஹையில் ஏறினால் முழுச் சுமையும் பெல்ற்றில் விழும். சக்கரம் திணறும், கப்பி சுழலும், நடுவில் ரப்பர் வழுக்கிச் சூடேறும். கருகிய ரப்பர் மணம் வந்தால் பெல்ற்றின் ஆயுளில் ஒரு பகுதி போய்விட்டது என்று அர்த்தம். லோவில் போட்டால் அதே மேட்டை பெல்ற் பாதிச் சிரமம்கூட இல்லாமல் ஏறும், எஞ்சின் சத்தம்தான் கொஞ்சம் கூடும். மணற்காட்டுச் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் கால் வைத்ததுமே லோவும் நாலு சக்கர இழுவையும் போட்டுவிடுவேன். புதைந்த பிறகு போடுவதில் பிரயோசனம் இல்லை. புதைந்துவிட்டால் அக்சிலேற்றரை அமத்தவே கூடாது, அமத்தினால் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னுக்குப் போய், வேறு வழியால் ஏற வேண்டும். நிறுத்துவதென்றால் இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள், திரும்பக் கிளம்பும்போது பெல்ற் உங்களுக்கு நன்றி சொல்லும்.

லோ கியருக்கு அடுத்தது ரயர் காற்று. மோட்டார் சைக்கிளுக்கு 30 பி.எஸ்.ஐ அளவில் அடித்துப் பழகிய கை, இதற்கும் இருபதாவது அடிக்கப் பார்க்கும். ஏ.ரி.வி ரயருக்கு 5 பி.எஸ்.ஐ அளவுதான் தேவை, சரியான எண் வண்டியிலேயே ஒட்டியிருக்கும். கடைகளில் இருக்கும் காற்றுமானி இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. குறை அழுத்தத்துக்கென்று வரும் சிறிய மானி ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். காற்று ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ கூடினாலே மணலில் வித்தியாசம் தெரியும், வண்டி மேலே மிதக்காமல் வெட்டிக்கொண்டு இறங்கும்.

ரயரைக் கிழிக்கிறதற்கு இங்கே சாமான்கள் தாராளம். பனங்கருக்கு, உடைமுள், நாகதாளி முள், பழைய வேலிக் கம்பி. பனைவடலிக்குள் போனால் காய்ந்த கருக்கு மட்டை மணலுக்குள் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ரியூப் இல்லாத ரயர் என்பதால் செருகி அடைக்கும் சாமானும் ஒரு கைப்பம்பும் எப்போதும் பின் றாக்கில் இருக்கும். அச்சு மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகளையும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குனிந்து பாருங்கள். அதில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் மணல் கிறீஸோடு சேர்ந்து மூட்டையே அரைத்துவிடும்.

இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் எஞ்சின் பிறேக். பல பெல்ற் வண்டிகளில் அக்சிலேற்றரை விட்டால் பெல்ற் தளர்ந்து, இறக்கத்தில் வண்டி சும்மா உருளும். யமஹாவின் ஏற்பாட்டில் பெல்ற் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும், ஒருவழிக் கிளச் ஒன்று சக்கரத்தின் வேகத்தை எஞ்சினுக்குத் திருப்பிக் கொடுக்கும். மணல் மேட்டின் உச்சியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும்போது, பிறேக்கைத் தொடாமலே வண்டி நிதானமாக இறங்கும் அந்தச் சுகத்தைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. புதிதாக ஓடுகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பும்கூட, ஏனென்றால் இறக்கத்தில் முன் பிறேக்கைப் பயத்தில் இறுக்குவதால்தான் பலர் பிரளுகிறார்கள்.

சீனாவிலிருந்து வரும் 150 சிசி ஓட்டோமற்றிக் வண்டிகளையும் ஓடிப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் ஸ்கூட்டி எஞ்சின், செயின் இழுவை, பின்சக்கரம் மட்டும் ஓடும், லோ கியர் கிடையாது. அலை நனைத்து இறுகிய மணலில் சமமாக ஓட அது போதும், உதிரிப்பாகமும் சுலபமாகக் கிடைக்கும். மணல் மேட்டுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பராமரிப்பில் ஆளைக் கொல்லுவது இரண்டு: சோளகமும் உப்பும். தென்மேற்குப் பருவக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் மாவு போன்ற மணல் எல்லாவற்றுக்குள்ளும் போகும். காற்று வடிகட்டி ஸ்பொஞ்ச் வகை. அதைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதற்குரிய எண்ணெய் பூசித் திரும்பப் போட வேண்டும். எண்ணெய் பூசாத ஸ்பொஞ்ச் நுண்மணலைத் தடுக்காது, எஞ்சின் சிலிண்டர் அரைபடும். சோளகத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இதைச் செய்கிறேன். உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர் ஒன்றுதான். கரையோரக் கிணறுகளில் பல உவர், அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின மாதிரி. நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றைக்கே அடிப்பக்கமும் பிறேக்கும் ரேடியேற்றரும் நனையக் கழுவி, எஞ்சினை ஓடவிட்டுக் காயவைப்பேன்.

தண்ணீருக்குள் இறங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாரியில் வெளிகளில் தேங்கும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே என்றால் மெதுவாகத் தாண்டலாம். பெல்ற் பெட்டிக்குள் தண்ணீர் போனால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பெட்டியின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து விட்டு, நியூட்ரலில் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டால் காய்ந்துவிடும். கடல்நீரேரிச் சேற்றுக்குள் மட்டும் இறங்கவே கூடாது. கால் தொன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை அங்கிருந்து இழுத்தெடுக்க உழவு இயந்திரம்தான் வரவேண்டும்.

2022 தட்டுப்பாட்டில் வாகன இலக்கத்தை வைத்துக் கியூஆர் முறையில் பெற்றோல் பங்கிட்டார்கள். இலக்கத் தகடு இல்லாத என் வண்டி வளவுக்குள் மாதக்கணக்கில் நின்றது. பழைய பெற்றோல் பிசினாகிக் கார்புரேற்றரை அடைத்தது, பற்றரியும் இறந்தது. நீண்ட நாள் நிறுத்துகிறவர்கள் கார்புரேற்றரில் இருக்கும் பெற்றோலை வடித்துவிட்டு, பற்றரியைக் கழற்றி வையுங்கள். கூடவே இன்னொன்று: பதிவில்லாத வண்டியை வீதியில் ஓட்ட முடியாது. நான் பட்டா எனும் சிறிய லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். அந்த வாடகையையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

எங்கே ஓடலாம் என்பதில் நான் மிகவும் கண்டிப்பு. நாகர்கோவில், முகமாலைப் பக்கங்கள் நீண்ட காலம் போர் முன்னரங்காக இருந்த இடங்கள். கண்ணிவெடி அபாயப் பலகை கண்ட பக்கம் மட்டுமல்ல, சனம் நடமாடாத எந்தப் பற்றைக்குள்ளும் இறங்காதீர்கள், பழகிய தடத்தை விட்டு ஒரு அடியும் விலகாதீர்கள். சுண்டிக்குளம் 2015இலிருந்து தேசியப் பூங்கா, அதற்கு முன்னமே திரும்பிவிடுங்கள். மணல் மேடுகளில் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் படர்ந்த பகுதியில் சக்கரம் படக்கூடாது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாங்கள் சொல்வது சும்மா இல்லை, அந்த மணலைக் காற்றிடமிருந்து பிடித்து வைத்திருப்பதே அதுதான். 2004 சுனாமி இந்தக் கரையை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு மணல் மேட்டின் அருமை தெரியும். கரைவலை இழுக்கும் நேரத்தில் மீனவர்களின் வாடிகளுக்குக் கிட்டப் போகாதீர்கள். வலையை இழுக்கும் கம்பாக் கயிறு மணலுக்குள் மறைந்து கிடக்கும், சக்கரத்தில் சுற்றினால் உங்களுக்கும் ஆபத்து, அவர்களுடைய அன்றைய பிழைப்பும் போய்விடும். வண்டி நின்றுவிட்டால் தள்ள வருவதும் அந்த அண்ணைமார்தான்.

ஓட்டுவது ஒருவர் மட்டும். சீற் நீளமாக இருக்கிறதே என்று பின்னால் ஆளை ஏற்றாதீர்கள். திருப்பத்தில் உடம்பை உள்பக்கம் சாய்க்கவும் ஏற்றத்தில் முன்னுக்கு நகரவும்தான் அந்த நீளம். தலைக்கவசமும் கணுக்கால் மூடிய சப்பாத்தும் இல்லாமல் எஞ்சினைத் தட்டவே வேண்டாம்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் பெல்ற் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பெல்ற்றின் பக்கங்கள் பளபளத்திருந்தாலோ ஓரிடம் மட்டும் ஒடுங்கியிருந்தாலோ வழுக்கி எரிந்த வண்டி அது. பிறகு வடிகட்டிப் பெட்டியின் உள்பக்கத்தை விரலால் துடைத்துப் பாருங்கள், விரலில் மணல் ஒட்டினால் எஞ்சினைத் திறக்க வேண்டிய செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். லோ, ரிவர்ஸ், நாலு சக்கர இழுவை மூன்றையும் எஞ்சின் சூடான பிறகு போட்டுப் பாருங்கள். மூன்றும் சத்தமில்லாமல் விழுந்தால், அதற்குப் பிறகு நிறத்தையும் வருடத்தையும் பற்றிப் பேசலாம்.