யாழ்ப்பாணத்தில் 10 மீற்றர் பிஸ்டல் வகுப்பு: கை பழகுது, சான்றிதழ்தான் இடிக்குது

யாழ். நகரை ஒட்டிய மண்டபமொன்றில் வார இறுதிகளில் நடக்கும் எயார் பிஸ்டல் (காற்றமுக்கத்தால் சன்னம் சுடும் கைத்துப்பாக்கி) வகுப்புக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். போட்டிக் கனவுள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பக்கம்; வங்கி, நகைக்கடை, பணம் ஏற்றும் வான் என்று காவல் வேலை பார்ப்பவர்கள் மறு பக்கம். பிள்ளைகளுக்கு இது நல்ல வகுப்பு. காவல்காரருக்கு அரை வகுப்புத்தான். ஆனால் கடைசியில் கையில் தரும் சான்றிதழில் இரு சாராருக்கும் ஒரே வசனம்: ‘கைத்துப்பாக்கிப் பயன்பாட்டில் தகுதி பெற்றவர்’.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். துப்பாக்கித் தெரிவு புத்திசாலித்தனமானது. 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பும் விலை கூடிய மொடல்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு சூட்டுக்கும் நெம்பை ஒருதரம் இழுத்து அமுக்கும் வகையை வாங்கியிருக்கிறார்கள். சிலிண்டர் தேவையில்லை, அதை நிரப்ப உலர்ந்த காற்றைத் தேடி அலையவும் தேவையில்லை. ஒவ்வொரு சன்னத்துக்கும் நெம்பு இழுப்பதால் பிள்ளைகள் அவசரப்பட்டுச் சுடுவதும் தானாகக் குறைகிறது. பராமரிப்பில் மட்டும் ஒரு குறை: காற்றடைக்கும் ரப்பர் வளையத்துக்குத் தையல் மெசின் எண்ணெய் விடுகிறார்கள். பெற்றோலிய எண்ணெய் சிலவகை ரப்பரை ஊதவைக்கும். பிறகு அமுக்கம் ஒழுகி, சன்னம் இலக்கில் கீழே இறங்கத் தொடங்கும். சிலிக்கோன் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும்.

குறிபார்க்கச் சொல்லிக் கொடுப்பதுதான் இந்த வகுப்பின் உயிர். முன் சைட்டை (குழல் நுனியிலுள்ள குறிகாட்டியை) கூர்மையாகப் பார், கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும் என்பதைப் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். காரணத்தைக் கணக்காகவும் போட்டுக் காட்டுகிறார். இரண்டு சைட்டுக்கும் இடையில் 360 மில்லிமீற்றர் உள்ள பிஸ்டலில் முன் சைட் 1 மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றரில் சன்னம் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர் விலகும். 10 புள்ளி விழவேண்டிய இடத்தில் 7 விழும். இரண்டு சைட்டும் நேராக இருக்க, கை முழுவதும் 5 மில்லிமீற்றர் ஆடினால் சன்னமும் அதே 5 மில்லிமீற்றர்தான் ஆடும். 10இன் வட்டமே 11.5 மில்லிமீற்றர் அகலம் என்பதால் அந்தச் சூடு 10ஐத் தொட்டுவிடும். கை ஆட்டத்துக்குப் பயப்படாதே, சைட் குலைவதற்குப் பயப்படு என்பது இந்தக் கணக்குக்குப் பிறகு எவருக்கும் விளங்கும். பொலிஸார் வைத்திருக்கும் ரக பிஸ்டலில் சைட் இடைவெளி 165 மில்லிமீற்றர் அளவுதான். அங்கே அதே 1 மில்லிமீற்றர் பிழை 10 மீற்றரில் 60 மில்லிமீற்றராகிறது. இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் காவல்காரருக்கு உதவியிருக்கும்.

ட்ரிகர் (சுடுவிசை) விடயத்தில் போட்டிப் பிஸ்டலுக்கும் காவல் பிஸ்டலுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பெரிது. போட்டி விதிப்படி எயார் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் பாரம் தாங்க வேண்டும். இங்கே எல்லாத் துப்பாக்கியையும் அந்த அளவிலேயே வைத்திருக்கிறார்கள். காவல் பிஸ்டல்களில் அது ஏறக்குறைய 2.5 கிலோ, சுத்தியலையும் ட்ரிகரே இழுக்கும் ரிவோல்வரில் 4.5 கிலோவுக்கு மேல். 500 கிராமில் பழகிய விரல் 2.5 கிலோவுக்குப் போனதும் உள்ளங்கை முழுவதையும் சேர்த்து இறுக்கும். வலக்கைக்காரருக்குச் சூடு இடப்பக்கம் கீழே விழும். கோளாறு சைட்டில் என்று நினைத்து அதைத் திருகிக்கொண்டிருப்பார்கள். வெறும் துப்பாக்கியில் ட்ரிகர் இழுத்து, முன் சைட் அசையாமல் முடிகிறதா என்று பார்ப்பதுதான் மருந்து. அதற்கு இங்கே ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு.

மண்டபம் பரவாயில்லை. இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீற்றரில் சரியாக இருக்கிறது. வெளிச்சம் போதாது, இலக்கில் குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்ச அளவு) வேண்டும், இங்கே ஒற்றை ரியூப் லைற். மாரியில் அட்டைகள் ஈரம் குடித்து, தட்டை முனைச் சன்னம்கூடச் சுத்தமான ஓட்டை போடாமல் கிழிக்கிறது. 9ஆ 10ஆ என்று அப்போது வாக்குவாதம். அட்டையை மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்தால் பாதித் தகராறு தீரும்.

பாதுகாப்பில் குறை சொல்ல இடமில்லை. சுடாத நேரத்தில், உள்ளே சன்னம் இல்லை என்று காட்ட, குழலின் முழு நீளத்துக்கும் செம்மஞ்சள் நார் கோத்தே துப்பாக்கியை மேசையில் வைக்கிறார்கள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் அது தெரியும். கை கழுவுவதில்தான் கவனம் காணாது. சன்னம் ஈயம். இடைவேளையில் அதே விரலால் ரோல்ஸ் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். சன்னம் விழும் பெட்டியடியை விளக்குமாற்றால் கூட்டுவதும் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இனிச் சான்றிதழ். பரீட்சை 40 சன்னம், ஒற்றைக் கையால், 400க்கு 280 எடுத்தால் சித்தி. அதாவது சராசரி 7. கறுப்பு வட்டத்துக்குள் எங்காவது விழுந்தால் போதும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இது நியாயமான படி. பரிஸ் 2024 ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாகர் 600க்கு 580 எடுத்தும் மூன்றாமிடம்தான் என்பதை நினைத்தால், ஏறவேண்டிய தூரம் தெரியும்.

காவல்காரருக்கு இந்த 280 என்ன சொல்கிறது? நின்ற நிலையில், அவசரமில்லாமல், மெல்லிய ட்ரிகரில் குறிபார்க்க வரும் என்று மட்டும். அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் 2019 தகுதித் தேர்வில் ரவை 50, தூரம் 3 யாரிலிருந்து 25 யார் வரை (ஒரு யார் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு), 40 பட்டால் சித்தி. எண்ணிக்கையை விட முக்கியம், உறையிலிருந்து எடுப்பதும் ஒற்றைக் கையால் சுடுவதும் செக்கன் கணக்குக்குள் நடக்க வேண்டும் என்பது. அமெரிக்க மாநிலமான ரெக்சாஸில் பொதுமகனுக்கான துப்பாக்கி அனுமதித் தேர்வு அதைவிட இலகு: 3, 7, 15 யாரில் 50 ரவை, 250க்கு 175. அங்கேகூடக் கடிகாரம் ஓடும். இங்கே கடிகாரமும் இல்லை, உறையும் இல்லை. ரவை சிக்கினால் மகசினை (ரவைக் கூட்டை) கழற்றி ரவை அறையை வெறுமையாக்கும் பழக்கத்தை ஒருதரம்கூடச் செய்விப்பதில்லை. காவல் வேலையில் துப்பாக்கியில் பெரும்பாலும் பிழை நேர்வது இந்த இடங்களில்தான். குறிபார்க்கும் இடத்தில் அல்ல.

அந்தத் தாளைக் காட்டி வேலை கேட்கும் ஆளை எடுக்கும் நிறுவனங்கள், எந்தத் துப்பாக்கியில், எத்தனை மீற்றரில், எத்தனை செக்கனில் என்று கேட்டுப் பார்க்கட்டும். தாளில் பதில் இராது. துப்பாக்கி அனுமதிப்பத்திரத்துக்கும் இந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை. அனுமதிப்பத்திரம் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது, ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31உடன் முடிவது. சான்றிதழில் ‘எயார் பிஸ்டல், 10 மீற்றர், நேரக் கட்டுப்பாடின்றி, 280/400’ என்று அச்சடித்தால் இந்தக் குழப்பம் ஒரு வரியில் தீரும். பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தட்டை அடியுள்ள, கணுக்காலை மறைக்காத சப்பாத்து ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் போதும். செருப்போடு வந்தால் வாசலிலேயே திருப்பி விடுகிறார்கள்.