பழைய ஸ்கார்பியோவும் ஜே.சி. ரோடும்: சனிக்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமை மாட்ட

பத்து வருடம் தாண்டிய மஹிந்திரா ஸ்கார்பியோவை வைத்துக்கொண்டு, சின்ன வேலைகளைச் சொந்தக் கையால் செய்து பழக நினைக்கிறவருக்குப் பெங்களூரில் ஜே.சி. ரோட்டை விட நல்ல இடம் இல்லை. டவுன் ஹாலில் ஆரம்பித்து மினர்வா சர்க்கிள் பக்கம் வரை வரிசையாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். ஆனால் அங்கே விற்கிற எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பிரேக் பேட், ஃபில்டர், புஷ், பெல்ட் வாங்க முழு நம்பிக்கையோடு போகலாம். விளக்கு, வயரிங், அலங்காரச் சாமான் என்று வந்தால் பாதிக் கடைகளில் பெட்டியின் பளபளப்புக்குத்தான் காசு போகும்.

வண்டியில் போக வேண்டாம். பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும். பச்சை வழி மெட்ரோவில் கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையே போவது நல்லது. வாங்கியதை மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்து வண்டியில் இருக்கும் பழைய பாகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் சாயங்காலத்துக்குள் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும். ஞாயிறு காலை சக்கரத்தைக் கழற்றிய பிறகு பேட் தப்பென்று தெரிந்தால், திங்கள் வரை வண்டி ஜாக்கி ஸ்டாண்டில்தான் நிற்கும்.

கவுன்ட்டரில் தமிழ் ஓடும், கன்னடம் ஓடும், உருது ஓடும். "அண்ணா" என்று ஆரம்பித்தால் தமிழ்க்காரரும் கன்னடக்காரரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் கேள்வி எஞ்சினைப் பற்றி, "சிஆர்டிஇயா, எம்ஹாக்கா?" என்றுதான் வரும். 2002-ல் வந்த வண்டி அதே பெயரில் 2.6 லிட்டர் எஞ்சினோடும் (அதில் ஒரு வகைதான் சிஆர்டிஇ) ஓடியது, பிறகு 2.2 லிட்டர் எம்ஹாக்கோடும் ஓடியது. 2014-ல் வந்த தலைமுறைக்குச் சட்டகமே வேறு. "ஸ்கார்பியோ பேட் ஒரு செட்" என்று மட்டும் கேட்டால் கடைப்பையன் கைக்கு எட்டியதைத்தான் கொடுப்பான். ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு மாதம், வருடம், சேசிஸ் நம்பர் மூன்றையும் போனில் படமாக வைத்துக்கொள்ளவும். கழற்ற முடிந்த பாகமென்றால் பழையதையே ஒரு பழந்துணியில் சுற்றி எடுத்துப்போவது அதைவிட மேல்.

அடுத்து தரம். கம்பெனி ஜெனுவைன் பெட்டியில் அச்சிட்ட விலையிலிருந்து கொஞ்சம்தான் குறைப்பார்கள். அதற்கு அடுத்த படியில் ரானே, பாஷ், ப்யூரோலேட்டர், கேட்ஸ் போன்ற பெயருள்ள கம்பெனிகளின் பாகங்கள். தள்ளுபடி கூடுதல், தரமும் பெரும்பாலும் சரியாக இருக்கும். கடைசியில் "லோக்கல்". அச்சிட்ட விலையில் பாதிக்கு மேல் குறைத்து ஒருவர் ஜெனுவைன் ஃபில்டர் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். மூடி ஒட்டிய விதம், ஹாலோகிராம், பேட்ச் நம்பர், ரப்பர் வாசரின் மென்மை ஆகியவற்றை வெளிச்சத்தில் பார்க்கவும். ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குவது நல்லது. பில்லோடு விற்பவர் போலிச் சரக்கைத் தள்ளத் தயங்குவார், மாற்றிக் கேட்கவும் அதுதான் ஆதாரம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28. பழைய ஸ்டாக்கில் பழைய விலையே அச்சாகியிருந்தால் அதைச் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு முன்சக்கர பிரேக் பேட் நல்ல தேர்வு. பலன் உடனே தெரியும், வேலையும் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும். ஆனால் தப்புச் செய்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் ஒவ்வொரு படியிலும் நிதானம் வேண்டும்.

பேடோடு சேர்த்து வாங்க வேண்டியவை: ஸ்லைடு பின்னுக்கு (பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகர்வது இதன்மேல்தான்) சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப், பிரேக் கிளீனர் ஒன்று, வண்டிக் கையேட்டில் சொன்ன தரத்தில் பிரேக் ஆயில் ஒரு சின்ன டப்பா. சாதாரண கிரீஸைப் பின்னில் தடவக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் பூட் (உறை) உப்பி, ஸ்லைடு பின் இறுகிவிடும். ஸ்லைடு பின் இறுகினால் ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் திருப்பு தளர்த்திவிட்டு, ஜாக்கியால் தூக்கி, சட்டகத்தின் கீழே ஜாக்கி ஸ்டாண்ட் வைத்து, வண்டியின் எடையை ஸ்டாண்டில் இறக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் கூடாது. ஸ்டாண்ட் வாங்க எஸ்.ஜே.பி. ரோடு அருகிலேயே இருக்கிறது. 3 டன் ஜோடி வாங்கினால் போதும். வெல்டிங் தடிப்பாக இருக்கிறதா, பூட்டும் பற்கள் முழுதாகப் பிடிக்கின்றனவா என்று கடையிலேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கம். குழம்பினால் எப்படி மாட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ள மறுபக்கம் இருக்கும். கேலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டவும். கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, அளவு மேல்கோட்டில் இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். இல்லாவிட்டால் பொங்கி வழிந்து பெயின்ட்டைத் தின்னும். பழைய பேடை பிஸ்டன்மேல் வைத்து சி-கிளாம்பால் மெதுவாகத் தள்ளவும். இறுகி நகரவில்லையென்றால் பலம் காட்ட வேண்டாம், பிஸ்டனில் துரு இருக்கலாம். அது கராஜ் வேலை.

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமனை அச்சிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் புது பேட் போட்டும் பலனில்லை. புது பேடின் உராயும் முகத்தில் கிரீஸ் விரல் படக் கூடாது. எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலை கெட்டியாகும் வரை பத்து பதினைந்து முறை மிதிக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் மறக்கிற படி இதுதான். மறந்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பிறகு காலியான ரோட்டில் 60-லிருந்து 20-க்கு மிதமாக வேகம் குறைத்து எட்டுப் பத்து முறை ஓட்டிப் பேடைப் பழக்கவும். நடுவில் சூட்டோடு முழுக்க நிறுத்திப் பெடலை அழுத்தி வைத்திருக்க வேண்டாம். வண்டியை எடுப்பதற்கு முன்பே சக்கர நட்டுகளை எதிரெதிராகக் கையேட்டு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கியிருக்க வேண்டும்; 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்கவும்.

டீசல் ஃபில்டர் பேடை விட எளிது, ஆனால் சுத்தம் வேண்டும். காமன் ரயில் எஞ்சினில் (சிஆர்டிஇ, எம்ஹாக் இரண்டும் இந்த வகை) டீசல் ஆயிரம் பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல சுமார் ஆயிரம் மடங்கு) மேல் அழுத்தத்தில் போகிறது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கெடுக்க ஒரு சின்ன மணல்துகள் போதும். கழற்றும் முன் சுற்றுப்புறத்தைத் துடைத்து, குழாய் வாய்களைச் சுத்தமான துணியால் மூடவும். புது ஃபில்டருக்குள் டப்பாவிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பும் பழைய பழக்கம் இங்கே வேண்டாம், அது வடிகட்டாத டீசல். கை பிரைமரை (டீசலை இழுக்கும் சின்னக் கை பம்ப்) அழுத்தியே நிரப்பவும். கெட்டியாகும் வரை அழுத்திய பிறகே செல்ஃப் போடவும். அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெரும்பாலும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சரியாக உட்காரவில்லை, காற்று இழுக்கிறது என்று அர்த்தம். பழைய காலத்து டீசல் எஞ்சினில் செய்தது போல இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். புது ஃபில்டரோடு ஓ-ரிங்கும் பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்ப்பது நல்லது.

ஏர் ஃபில்டர், வைப்பர் பிளேடு இரண்டும் பத்து நிமிட வேலை. பிளேடு வாங்கும்போது பழையதின் நீளத்தை அளந்து போகவும், அவ்வளவுதான்.

மேடு பள்ளத்தில் முன்பக்கம் "டக் டக்" என்று சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க்கும் (வண்டி சாய்வதைக் குறைக்கும் ராடைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் துண்டு) அதன் ரப்பர் புஷ்ஷும். பெங்களூர் ரோட்டில் ஹம்ப் குறைவில்லாததால் இவை சீக்கிரம் போகும். இவற்றை மாற்றும்போது முன்சக்கரம் இரண்டும் தூக்கியிருக்க வேண்டும், அல்லது இரண்டும் தரையில் இருக்க வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால் ராட் முறுக்கிக்கொண்டு நிற்கும், போல்ட்டு வராது. பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) வகை லிங்க்கில் நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுற்றும், தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு திருப்பவும். ரப்பர் புஷ் வருகிற போல்ட்டுகளை வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சில மாதத்தில் கிழியும். பெயருள்ள கம்பெனி லிங்க்குக்கும் லோக்கலுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிவது இந்தப் பாகத்தில்தான். லோக்கல் லிங்க்கின் ரப்பர் பூட் மெலிசு, மழை நீர் புகுந்தால் ஒரு பருவம்கூடத் தாங்காது.

இப்போது ஜே.சி. ரோட்டின் பலவீனமான பக்கம். ஹெட்லைட் மங்கல் என்று சொன்னதும் எல்.இ.டி. பல்பு, 100/90 வாட் பல்பு என்று மேசை மேல் குவிப்பார்கள். பழைய வண்டியில் மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை, கண்ணாடியும் வயரும்தான். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரால் முதலில் பேட்டரியையும் பிறகு பல்பு கனெக்டரையும் அளவெடுக்கவும். பேட்டரியில் 14 வோல்ட் இருந்து பல்புக்கு 12.6 மட்டும் வந்தால், பத்து சதவீத இழப்பு. ஹாலோஜனில் பத்து சதவீத வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும்.

எச்4 பல்பு (ஹை பீமும் லோ பீமும் ஒன்றிலேயே உள்ளது) போடுகிற வண்டிக்கு ரிலே ஹார்னஸ் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சும் அதன் வயர்களும்) மாட்டினால் இது சரியாகும். பழைய கனெக்டர் ரிலேயைத் தட்டும் வேலையை மட்டும் செய்யும். மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ம் நம்பர் முனைக்கு வந்து 87-ம் நம்பர் முனை வழியாகப் பல்புக்குப் போகும். 55 வாட் இரண்டு பல்புக்குச் சுமார் 9 ஆம்பியர், 60 வாட்டுக்கு 10. எனவே 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் இறுக்கவும். ரெடிமேட் ஹார்னஸ் வாங்கினால் இழையை பிளேடால் சுரண்டிப் பார்க்கவும். உள்ளே செம்பு நிறம் வரவேண்டும். வெள்ளையாகவே இருந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுங்கள். கரன்ட் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று பல கடைகளில் சொல்வார்கள், அதனால் பணம் கொடுக்கும் முன்பே இந்தச் சோதனையை முடிக்கவும். வயரும் மல்டிமீட்டரும் எஸ்.பி. ரோட்டில் வாங்குவது இன்னும் மேல். 100/90 வாட் பல்பு ஹோல்டரை உருக்கும். ஹாலோஜனுக்கான ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. போட்டால் எதிரில் வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும். இரண்டும் வேண்டாம்.

மஞ்சளான ஹெட்லைட் கண்ணாடிக்கு 800, 1500, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் வரிசையாக. தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்த்து, பிறகு காம்பவுண்ட். கடைசியில் யு.வி. தடுக்கும் கிளியர் கோட் அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். அந்தக் கோட் இல்லாத பாலிஷ் கிட் வாங்கினால் பணம் வீண்.

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைசலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவும். எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர் 13.8-க்கும் 14.4 வோல்ட்டுக்கும் நடுவில் காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம்.

கதவுக் கைப்பிடி, கண்ணாடி இறக்கும் ஸ்விட்ச், உள்பக்க பிளாஸ்டிக் போன்றவற்றுக்குச் சிவாஜிநகரின் பழைய பாகக் கடைகளைப் பாருங்கள். ஒரிஜினல் பொருத்தம் கிடைக்கும். பூட்டும் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கவும். பிரேக், ஸ்டியரிங், பேரிங், ரப்பர் என்று எதையும் அங்கே வாங்க வேண்டாம். தேய்ந்துபோன பாகத்தை இன்னொரு வண்டியின் தேய்மானத்தால் மாற்றுவதில் பயன் இல்லை.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் வேலை செய்வதாக இருந்தால் அட்டை விரித்துக்கொள்ளுங்கள், சிந்திய டீசல் கான்கிரீட்டில் கறையாகும். பழைய டீசலையும் பிரேக் ஆயிலையும் கலக்காமல் தனித்தனி கேனில் பிடித்து, பழைய ஆயிலை முறையாக எடுத்துக்கொள்கிற கராஜிடம் கொடுக்கவும். தெருவோரச் சாக்கடையில் ஊற்றினால் அது ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் வழியாக நேராக ஏரிக்குப் போகும்.