பிளேஃபேர் டிஸ்பிளே போல்ட் இட்டாலிக்: ஏழு வருஷப் பழக்கம்

ராயப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். பிளேஃபேர் டிஸ்பிளே என்ற ஆங்கில எழுத்துருவின் போல்ட் இட்டாலிக்கை, அதாவது தடித்துச் சாய்ந்த வடிவத்தை, கையில் எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த கிளவுஸ் எகர்ஸ் சோரன்சன் வடிவமைத்து 2011-இல் வெளிவந்தது. திறந்த உரிமம், காசு கிடையாது. 18-ஆம் நூற்றாண்டு பாஸ்கர்வில் எழுத்தின் வழிவந்தது என்பதால் தண்டு தடித்தும் இணைப்புக் கோடு மயிரிழையாகவும் இருக்கும்.

இதை நான் விடாமல் வைத்திருப்பது நம் பெயர்களுக்காக. பாலசுப்ரமணியம் என்று ஆங்கிலத்தில் அடித்தால் 15 எழுத்து. நேர் எழுத்தில் பெரிதாக வைத்தால் கார்டு ஓரம் இடிக்கும். இட்டாலிக் சற்று ஒடுக்கம், ஒரே வரியில் அடங்கிவிடும். அந்தப் பெயரில் 'ஏ' (a) மட்டும் ஐந்து. நேர் எழுத்தில் தலைக்கு மேல் கொக்கி வைத்திருக்கும் சின்ன 'ஏ', இட்டாலிக்கில் கொக்கியை உதிர்த்து ஒற்றைச் சுழியாகிவிடும். ஐந்து சுழியும் சாய்ந்து ஓடும்போது பேனா பிடித்து எழுதியது போலவே இருக்கும்.

போலியைக் காட்டிக் கொடுப்பதும் அந்த 'ஏ'தான். ஒருமுறை ஃபைலை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே இருந்தது நேர் எழுத்து மட்டும். மென்பொருள் அதையே தடிக்க வைத்துச் சாய்த்துவிட்டது. 400 கார்டிலும் கொக்கி 'ஏ' சரிந்து நின்றது. பெண்ணின் அப்பா எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அதன் பிறகு கர்வ்ஸ் போடாமல், அதாவது எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றாமல், எந்த ஃபைலும் என் மேஜையைத் தாண்டியதில்லை.

ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட் என்றால் கவலையே இல்லை. வலைத்துணி வழியே மையைத் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் சோதனை. மெரூன் கார்டில் தங்க மை கேட்டார்கள். எழுத்தை 14 பாயிண்ட் அளவில் வைத்தேன். திருவல்லிக்கேணியில் ஸ்கிரீன் போடும் அண்ணன் முதல் கார்டை வெளிச்சத்தில் பிடித்து, "தம்பி, மெல்லிசு கோடெல்லாம் நிக்கலப்பா, பெருசு பண்ணிக் குடு" என்றார். பார்த்தால் 'என்' (n) இரண்டு குச்சியாகப் பிரிந்து கிடந்தது. இப்போது ஸ்கிரீனுக்கு 24 பாயிண்டுக்குக் கீழே போவதில்லை. அதே நிறத்தில் கால் பாயிண்ட் அவுட்லைனும் கொடுக்கிறேன்.

எண்களில் கவனம் வேண்டும். இதன் எண்கள் பழைய பாணி: 3, 4, 5, 7, 9 வரிக்குக் கீழே இறங்கும், 6, 8 மேலே ஏறும். வருஷம் போட அழகு. முகூர்த்த நேரத்துக்கும் போன் நம்பருக்கும் ஆகாது, வயதானவர்கள் தடுமாறுகிறார்கள். மென்பொருளின் ஓப்பன்டைப் (எழுத்துரு வசதிகள்) பட்டியலில், ஒரே உயரமாக நிற்கும் லைனிங் எண்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முழுப் பெயரையும் பெரிய எழுத்திலேயே அடிக்கவும் வேண்டாம். சுழிகள் போய்விட்டால் இட்டாலிக் எதற்கு?

பக்கத்திலிருக்கும் தமிழையும் சாய்க்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் செய்து தருவதில்லை. லத்தீன் எழுத்தின் இட்டாலிக், அன்றைய அறிஞர்களின் கையெழுத்தை ஒட்டிப் பிறந்தது. வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகர் 1501-இல் முழுப் புத்தகத்தையே அதில் அச்சிட்டார். நம் எழுத்துக்கு அப்படிச் சாய்வு மரபு இல்லை. பட்டனை அமுக்கினால் 'ழ'வின் வால் கோணிக்கொள்ளும், கொம்பு பக்கத்து எழுத்தின் மேல் விழும். நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவை நேராக, போல்டில் வைக்கிறேன். அதற்கும் தடிப்பும் மெலிவும் உண்டு, இரண்டும் ஒட்டிப் போகும்.

மண்டப வாசல் போர்டில் பார்த்தால்தான் இதன் முழு அழகும் தெரியும். பத்தடி ஃபிளெக்ஸில் மயிரிழைகூட விரல் கனம் வந்துவிடுகிறது. மாப்பிள்ளை, பெண் பெயர்களுக்கு நடுவே வைக்கும் அந்த '&' குறியை மட்டும் இன்னும் ஒரு சுற்று பெரிதாக்கித்தான் அனுப்புவேன்.