நோபல் சகோதரர்கள்: ஆல்ஃபிரெடும் லுட்விக்கும்

சுவீடனில் கடனில் மூழ்கிய இம்மானுவேல் நோபல் ரஷ்யா போனார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடற்கண்ணிவெடி செய்து செழித்தார். கிரிமியப் போர் முடிந்ததும் நொடித்துப்போனார். அவர் மகன்களில் உலகம் கொண்டாடுவது ஆல்ஃபிரெடை மட்டுமே. எனக்கு அது மனக்குறை.

ஆல்ஃபிரெட் ஒரு பொருளை அடக்கினார். சிறு அதிர்விலும் வெடிக்கும் நைட்ரோகிளிசரினை நுண்துளை மண்ணில் ஊறவைத்து, பிசைந்த மாவுபோல் ஆக்கினார். 1867இல் டைனமைட் பிறந்தது. காப்புரிமைகள் 355. தம்பி எமிலை 1864 வெடிவிபத்தில் பறிகொடுத்தும் பின்வாங்காத பிடிவாதம் அவருடையது.

லுட்விக் அடக்கியதோ ஒரு தொழிலையே. அண்ணன் ராபர்ட், துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட் மரம் தேடிப்போய், இன்றைய அஜர்பைஜானின் பாகு நகரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை வாங்கிவந்தார். அங்கே எண்ணெய் பீப்பாய்களில், வண்டிகளில் போய்க்கொண்டிருந்தது. லுட்விக் குழாய் பதித்தார். 1878இல் ‘சொராஸ்டர்’ கப்பலின் இரும்புத் தொட்டிகளில் மண்ணெண்ணெயை அப்படியே நிரப்பிக் காஸ்பியன் கடலில் ஓடவிட்டார். அந்தக் கப்பல் வடிவத்துக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. யாரும் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டார். தொழிலாளர்களுக்கு லாபத்தில் பங்கும் கொடுத்தார். என் ஓட்டு லுட்விக்குக்கே.

பாகுவின் எண்ணெய்ப் புழுதி நடுவே, ஊழியர்களுக்காக ‘வில்லா பெட்ரோலியா’ குடியிருப்பும் எழுந்தது. அதன் தோட்டத்துக்கு நல்ல மண்ணை, தெற்கே உள்ள லென்கொரான் ஊரிலிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள்.