புதுப் பம்பில் பழைய குங்குமம்

மலேசியாவில் சுங்கை சிப்பூட் வட்டாரத்தில் யாராவது வாட்டர் ஜெட்டை (அழுத்தத்தோடு தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் மெஷின்) ரிப்பேருக்குக் கொடுக்கப் போவதாக இருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. விவகாரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீடு தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறது. பின்வேலியைத் தாண்டினால் செம்பனைதான். நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் வாசல் சிமெண்டில் பாசி ஏறிவிடும். அம்மா ஒரு தடவை வழுக்கி விழுந்த பிறகுதான் இந்த மெஷினை வாங்கினேன். பித்தளைத் தலை வைத்த பம்ப், அழுத்தம் 130 பார், தண்ணீர் நிமிடத்துக்கு 8 லிட்டர். வீட்டுக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் பிராகாரம் கழுவவும் இதைத்தான் தூக்கிக்கொண்டு போவோம்.

இந்த முறை திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மெஷின் திக்க ஆரம்பித்தது. தண்ணீர் ஒரு நொடி சீறும், அடுத்த நொடி தோட்டக் குழாய் மாதிரி ஒழுகும். மீட்டர் முள் 40க்கும் 90க்கும் நடுவில் ஆடியது. பம்புக்குள் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வேறு. பயந்துபோய் டவுனில் உள்ள கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் மெஷினைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “பம்ப் போயிருச்சு தம்பி. புதுசுதான் போடணும், 480 வெள்ளி” என்றார்.

“திறந்து பார்த்துட்டுச் சொல்லலாமே அண்ணே?”

“திறந்தா அதுக்கு வேற கூலி.”

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திருவிழா அவசரத்தில் 200 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். 11 நாள் கழித்துக் கூப்பிட்டார். கடை வாசலில் அவருடைய குழாயில் மாட்டிக் காட்டினார். முள் 130இல் அசையாமல் நின்றது. மீதியைக் கொடுத்தேன். ரசீதில் ‘ரிப்பேர் 480’ என்று மட்டும் கிறுக்கியிருந்தது. பழைய பம்பைக் கேட்டதற்கு, “அதெல்லாம் பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிட்டான்” என்றார்.

வீட்டில் மாட்டினேன். அதே திக்கல், அதே கூழாங்கல் சத்தம். போன் செய்தால், “அப்ப மோட்டார் வீக், கொண்டு வாங்க, 120 ஆகும்” என்கிறார். வயிறு எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் மாமா வந்திருந்தார். செம்பனை ஆலையில் முப்பது வருடம் பம்புகளோடு மல்லுக்கட்டியவர். மெஷினைத் தொடவே இல்லை. “ஒரு 10 லிட்டர் வாளி கொண்டா மாப்பிள்ளை” என்றார்.

மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயின் நுனியை மெஷினிலிருந்து கழற்றி வாளிக்குள் விட்டு, கைப்பேசியில் நேரம் பார்த்தோம். வாளி நிறைய 2 நிமிடம் 20 விநாடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு நாலேகால் லிட்டர். பம்ப் கேட்பது 8. இந்த மெஷினுக்கு 75 விநாடிக்குள் வாளி நிறைய வேண்டும். அதைவிடச் சீக்கிரம் நிறைந்தால் இன்னும் நல்லது. பிறகு அந்தக் குழாய் இல்லாமல், வாளியை நேராகத் தண்ணீர் திறக்கும் பைப்புக்கு அடியில் வைத்தோம். 45 விநாடியில் வழிந்தது. ஆக, பைப்பில் தண்ணீர் இருக்கிறது, மெஷினிலும் கோளாறு இல்லை. நடுவில் கிடந்த பழைய அரை இஞ்ச் குழாய்தான் குற்றவாளி. தினமும் வேன் டயர் ஏறி ஏறி ஓர் இடத்தில் உள்பக்கம் ஒட்டிப்போயிருந்தது. வயிறு நிறையாத பம்ப் தண்ணீருக்குப் பதிலாக வெற்றிடத்தை உறிஞ்சுகிறது, அதில் குமிழிகள் உண்டாகி உடைகிற சத்தம்தான் கூழாங்கல் என்று மாமா சொன்னார். மேல் தொட்டியிலிருந்து எடுப்பவர்களுக்கும் இதே கதி வரலாம். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் கிடைக்கும். நம் வீட்டுத் தொட்டி இருக்கும் 3 மீட்டரில் என்ன வரும்?

அப்புறம் தண்ணீர் நுழையும் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றினார். பளிச்சென்று இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ரோட்டில் பைப் உடைந்து ஒரு வாரம் செம்மண் தண்ணீர் வந்தது, அந்த மண்ணைக் கடையில் கழுவியிருக்கிறார்கள். அதற்கு மேல் என்ன செய்தார்கள் என்று பம்புக்குள் இருக்கும் எண்ணெய் தெரிகிற கண்ணாடியைப் பார்த்தோம். புதுப் பம்பில் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். இது கறுத்துக் கிடந்தது. (பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தமாம். அந்த அளவுக்கு மோசமில்லை.)

மாமா துணியை எடுத்துத் தலைப்பக்கம் துடைக்கப் போனவர், “இது என்ன மாப்பிள்ளை?” என்றார். இரண்டு போல்ட்டுக்கு நடுவில், விரல் நுழையாத இடுக்கில், சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. போன ஆயுத பூஜைக்கு என் மகள் வைத்த பொட்டு.

முக்கால் இஞ்ச் குழாய் ஒன்று வாங்கி மாட்டினேன். முள் 130இல் நிற்கிறது. பிராகாரத்தைக் கழுவி முடித்துவிட்டோம்.

மாமா சொன்ன இன்னும் சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். தண்ணீர் சரியாக இருந்தும் திக்கினால், குழாய் மூட்டில் காற்று இழுக்கிறதா என்று ரப்பர் வளையத்தைப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சும் நுனி (நாசில்) அடைத்திருந்தால் முள் ஏறும், ஓட்டை தேய்ந்து அகன்றிருந்தால் இறங்கும். சோப்புக்கான கறுப்பு நுனியை மாட்டிவிட்டு அழுத்தம் இல்லை என்று புலம்புகிறவர்களும் உண்டு. இதெல்லாம் தாண்டிய பிறகுதான் வால்வு. மூன்று பிஸ்டன் பம்பில் பொதுவாக ஆறு வால்வு இருக்கும், ஒன்றில் மணல் சிக்கினாலும் முள் துள்ளும். அதற்குக்கூட முழுப் பம்பை மாற்ற வேண்டியதில்லை.

கடைக்குப் போய்ப் பொட்டைக் காட்டினேன். “உள் சாமான்தான் மாத்தினோம், மேல்கூடு பழசு” என்று பேச்சை மாற்றினார். எந்தச் சாமான் என்று எழுதித் தரச் சொன்னதற்கு ஆளைக் கூப்பிட்டு, கடையை மூடச் சொன்னார்.

வீட்டுக்கு வாங்கிய சாமான் என்பதால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றார்கள். 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அங்கே கோரலாம், வக்கீல் தேவையில்லை. 5 வெள்ளி கட்டி முதல் பாரத்தை (படிவத்தை) பதிந்துவிட்டேன். ரசீது, வாளிக் கணக்கை எடுத்த வீடியோ, பம்பின் படம் மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னும் தேதி வரவில்லை. அதுவரை அந்த இடுக்கில் யாரும் துணி போடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.