கப்பி மீனுக்கு ரூ.6,600 கொடுத்து ஏமாந்தேன், போன்ல பார்த்து வாங்குறவங்க படிங்க

நேத்து ராத்திரி கடைசியா, மீன் வித்த பண்ணை நம்பருக்குக் கூப்பிட்டேன். ரிங்கே போகலை. பிளாக் பண்ணிட்டாங்க. 6,600 ரூபாய். மகளிர் குழுவுல எடுத்த கடன், இன்னும் ரெண்டு தவணைதான் கட்டியிருக்கேன். வயிறு எரியுது. இன்னிக்கே எழுதிடறேன்.

நான் மன்னார்குடி பக்கம். மாடியில சிமென்ட் தொட்டி வெச்சு மோலி, பிளாட்டி, கப்பின்னு குட்டி போடுற மீனா மூணு வருஷமா வளர்க்கிறேன். தெருப்பிள்ளைங்க ஜோடி 30 ரூபாய்க்கு வாங்கிட்டுப் போகும். நல்ல ரகமா வெச்சா கூடக் கொஞ்சம் கிடைக்குமேன்னு ஆல்பினோ ஃபுல் ரெட்டுங்கிற கப்பி ரகத்தைத் தேடினேன். உடம்பு முழுக்க மிளகாய்ப்பழச் சிவப்பு, கண்ணும் சிவப்பு.

வீடியோ போட்டு மீன் விக்கிற ஒரு பண்ணை. வீடியோ கால்ல வந்த தம்பி தொட்டி தொட்டியா டார்ச் அடிச்சுக் காட்டினான். "எந்த ஊருக்கா? மன்னார்குடியா! எங்கம்மாவுக்கும் திருவாரூர்தான். நம்ம ஊர்க்காரங்களை ஏமாத்துவேனா? எல்லாம் வெர்ஜின் பெண்ணுக்கா, மூணாவது வாரமே ஆணைப் பிரிச்சுட்டோம்"னான். வெர்ஜின்னா இன்னும் ஆணோட சேராத பெண் மீன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விழுந்தேன். ஒரு ஆண், ரெண்டு பெண் கணக்குல ஆறு செட், 18 மீன். மீனுக்கு ரூ.6,000, பேக்கிங், பஸ் பார்சலுக்கு ரூ.600. முழுப் பணமும் முன்கூட்டியே அனுப்பினேன்.

விடிகாலை தஞ்சாவூர் போய் பார்சல் எடுத்தேன். நாலு மீன் கவர்லயே செத்துக் கிடந்துது. அவங்க சொன்ன மாதிரியே நிறுத்தாம வீடியோ எடுத்துத்தான் பார்சலைப் பிரிச்சேன். அனுப்பினா, "உங்க ஊரு போர் தண்ணி உப்புக்கா, அதான்"னு பதில். உள்ளே மீன் இருந்த கவர் கட்டைக்கூட அவிழ்க்கலை, என் தண்ணி எங்கே பட்டுது? கப்பி கடினத் தண்ணியில நல்லாவே இருக்கும். என் பழைய கப்பியெல்லாம் அதே போர் தண்ணியிலதான் பெருகுது.

சரி, 14 இருக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பன்னிரண்டாம் நாள் ராத்திரி, ஒரு பெண் வேலம்பாசிக்குள்ள குட்டி போட்டுக்கிட்டு இருந்துது. கப்பிக்குச் சினை கிட்டத்தட்ட நாலு வாரம். அப்போ வரும்போதே சினைதானே? வெள்ளைக் குவளையில குட்டிகளை மொண்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். 31 குட்டி. அத்தனைக்கும் மிளகு பொட்டு வெச்ச மாதிரி கறுப்புக் கண். ஆல்பினோவும் ஆல்பினோவும் சேர்ந்தா குட்டிக்குச் சிவப்புக் கண்தான் வரணும். வேற ஏதோ ஆணோட கலந்து கிடந்த பெண்ணை வெர்ஜின்னு வித்திருக்காங்க. கப்பிப் பெண் ஒரு தடவை சேர்ந்த ஆணோட விந்தை உடம்புல சேர்த்து வெச்சுக்கிட்டு மாசக்கணக்கா குட்டி போடும். இனி அந்தப் பெண்களை நம்பி ரகம் பிரிக்க முடியாது.

கேட்டா, "முதல் ஈத்து அப்படித்தான்க்கா, அடுத்த ஈத்துல சரியாயிடும்." மறுநாள், "ஓனர் வெளியூர்ல இருக்கார்." அதுக்கடுத்து, "நீங்கதான் பழைய கப்பியோட கலந்து விட்டிருப்பீங்க." அந்தத் தொட்டியில வேற மீனே கிடையாது! 6,600 ரூபாயை வாங்கிட்டு என்னையே குத்தம் சொல்றாங்க.

வீட்டுக்காரர், "வாய்க்கால்ல கொட்டிட்டு வேலையைப் பாரு"ங்கிறார். அது மட்டும் செய்ய மாட்டேன். தென் அமெரிக்கா மீன் இது, நம்ம வாய்க்கால்ல பெருகினா அங்கே இருக்கிற சின்ன மீனுக்குத்தான் கேடு.

வாங்குறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்போ இவ்வளவுதான் வருது. முழுப் பணத்தையும் முன்னாடியே போடாதீங்க. முதல்ல ஒரே ஒரு செட் வாங்குங்க. பெண் மீனைத் தனியா ஒரு மாசத்துக்கு மேல வெச்சுப் பாருங்க, குட்டி போட்டா வெர்ஜின் இல்லை. பேசினதையெல்லாம் படம் எடுத்து வைங்க, அவன் அனுப்பின பாதி மெசேஜை அழிச்சுட்டான்.

இதே மாதிரி வேற யாராவது அவங்ககிட்ட மாட்டியிருந்தா எனக்குச் சொல்லுங்க, சேர்ந்து புகார் கொடுப்போம். பணம் அனுப்பின ரசீது என்கிட்ட இருக்கு.