அம்மாவின் விரலுக்கு எந்த வைத்தியம்?

அம்மா குடியாத்தத்தில் முப்பது வருஷம் பீடி சுற்றியவர். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் இடுக்கித்தான் தூக்குவார். முடக்குவாதம், கூடவே சர்க்கரை. வேலூர் டாக்டர் முடக்குவாதத்துக்கு எழுதித் தந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள் போட்டுக்கொள்கிறார். ஈரலும் ரத்த அணுக்களும் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது சோதனையும் உண்டு. அதை விடாமல், பக்கத்தில் வேறென்ன சேர்க்கலாம் என்று ஐந்து வருஷம் அலைந்திருக்கிறோம்.

வேகத்தில் முதலிடம் பொடிக்குத்தான். உறவுக்காரர் ஒருவர் சொல்லி, பெயரோ லேபிளோ இல்லாத பொட்டலங்களை ஒரு வைத்தியரிடம் வாங்கி வந்தோம். மூன்றாம் நாள் அம்மா தானே தலை பின்னிக்கொண்டார். வீடே கொண்டாடியது. மூன்று வாரத்தில் முகம் உப்பி, கன்னம் உருண்டது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. டாக்டர் பார்த்ததுமே, “ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்” என்றார். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாம், படிப்படியாகத்தான் இறக்கினார். மூலிகை மூன்று நாளில் அப்படி வேலை செய்யாது என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவு அதற்கு நேர் எதிர். செலவில்லை, வேகமும் இல்லை. அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்டது ஈரல் ரிப்போர்ட்டை. ஆங்கில மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லை. அமுக்கரா சூரணம் வேண்டுமா என்று நாங்களே கேட்டோம். மெத்தோட்ரெக்சேட் ஓடுகிறபோது உள்ளுக்கு வேண்டாம் என்று உளுந்து தைலம் மட்டும் தந்தார். மூலிகையும் ஈரலைக் கெடுக்கலாம் என்ற பேச்சு உண்டு. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் காய்ச்சினோமே, அதைக் குடித்தவர்களில் சிலருக்கு ஈரல் கெட்டதாக மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்தச் சண்டை எப்படியோ போகட்டும். ஏற்கெனவே ஈரலைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்கிற மருந்தோடு இன்னொன்றைச் சேர்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. தைலம் வெளிப்பூச்சோடு சரி. தேய்த்துவிட ஒரு ஆள் பக்கத்தில் உட்காருவதே பாதி மருந்து என்று எனக்குத் தோன்றும்.

அக்குபங்சர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு முழங்கால் வலி அதில் குறைந்தது நிஜம். ஆனால் அவருக்கு மூட்டுத் தேய்மானம். அம்மாவுக்கோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற நோய். இரண்டையும் ‘மூட்டுவலி’ என்று ஒரே கணக்கில் போடுவதால்தான் ஊர் ஆலோசனை பாதி தப்பாகிறது. எட்டு முறை ஊசி போட்டுக்கொண்டதில் அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

என் ஓட்டு பிசியோதெரபிக்கு. பெரிதாக ஒன்றுமில்லை: உருகிய மெழுகில் கையை முக்கி எடுப்பது, அப்புறம் விரல் பயிற்சி. வீட்டில் மெழுகுக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீர். அன்னக்கூடையில் கையை விட்டு, பழைய துண்டைப் பிழிந்து பிழிந்து விடுவார். கட்டைவிரல் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட வேண்டும். சுண்டுவிரலுக்குப் போகும்போது மட்டும் முகம் சுளிப்பார். முடக்குவாதக் கைக்கு இப்படிப்பட்ட பயிற்சி பலன் தருவதாக முறையான ஆய்வுகளும் இருக்கின்றன. நான்கு மாதமானது. இப்போது டம்ளரை ஒரு கையால் பிடிக்கிறார், காலை எட்டு மணிக்கு மேல்.

முடக்கத்தான் தோசை வாரம் ஒருமுறை உண்டு. அதை மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை, ருசிக்காகத்தான்.

மழை நாளில் வலி கூடினால் மட்டும் அம்மா மெல்லக் கேட்பார்: “அந்தப் பொடிக்காரரு இன்னும் இருக்காராடா?”